பழைய வேனை வீடாக மாற்றலாமா? ஆர்டிஓ விதி முதல் ஜெனரேட்டர் ஆபத்து வரை... முழு விவரம்!

பழைய வேன் ஒன்று. பின்னால் கட்டில், பக்கத்தில் சின்ன அடுப்பு, மேலே சோலார் பேனல், ஜன்னலுக்கு வெளியே மலை. 30 விநாடி ரீல்ஸில் பார்க்கும்போது, ‘வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு நாமளும் இப்படிக் கிளம்பிடலாமா?’ என்று தோன்றாதவர்கள் குறைவு.

ஆனால் அந்த ரீல்ஸில் தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன. வேனுக்குள் காற்று எங்கிருந்து வருகிறது, கரண்ட் எப்படிக் கிடைக்கிறது, வண்டி எவ்வளவு எடை தாங்கும், ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? வேன் வீடாகுமா, வம்பாகுமா என்பதை முடிவு செய்வது இந்த நான்கும்தான்.

வடகராவில் என்ன நடந்தது?

2024 டிசம்பரில் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டம் வடகரா அருகே, தேசிய நெடுஞ்சாலை ஓரம் ஒரு கேரவன் நின்றுகொண்டிருந்தது. நீண்ட நேரமாகியும் வண்டி நகரவில்லை. சந்தேகத்தில் சென்று பார்த்தபோது, உள்ளே இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள்.

விசாரணையில் வெளியான காரணம் கார்பன் மோனாக்சைடு. ஏசி ஓடுவதற்காக வாகனத்தில் இருந்த ஜெனரேட்டரை ஓடவிட்டிருக்கிறார்கள். அதன் புகை, தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்திருக்கிறது. என்ஐடி நிபுணர்கள் அடங்கிய குழு வாகனத்தில் சோதனை நடத்தி இதைக் கண்டறிந்தது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி ஆகியவைதான் முதல் அறிகுறிகள். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் நினைவு போய்விடும்.

அந்த வண்டி கேரவனாகவே பயன்பட்டு வந்தது. அதிலேயே இப்படி என்றால், வீட்டு வாசலில் வைத்து நாமே மாற்றும் பழைய வேனில் எவ்வளவு கவனம் தேவை என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

‘என் வண்டி, என் காசு... யார் கேட்பது?’

ஆர்டிஓ கேட்பார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, இதைப் பற்றித்தான் பேசுகிறது. தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பை மாற்றுவதுதான் ‘மாற்றம்’ என்றும் அதே பிரிவு விளக்குகிறது.

இதை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுகளுக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

மீறினால் என்ன ஆகும்? 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 182ஏ-வின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். கூரையில் ஓட்டை, பக்கவாட்டில் புது ஜன்னல், உயர்த்திய கூரை என்றால் மூன்று மாற்றங்கள்.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருக்கும் விதி இல்லை. 2021 ஆகஸ்டில், கேரளாவின் கண்ணூரில் யூடியூபர்களான இரண்டு சகோதரர்கள் மாற்றியமைத்த வேனை மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்தது. ஆர்டிஓ அலுவலகத்தில் நடந்த வாக்குவாதம் கைது வரை போனது.

அபராதத்தைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்தின்போது இழப்பீட்டை நிறுவனம் மறுக்க வாய்ப்பிருக்கிறது. வீடும் வண்டியும் ஒன்றாக இருப்பவருக்கு, ஒரே நாளில் இரண்டும் போய்விடும்.

அப்படியென்றால் வழியே இல்லையா?

இருக்கிறது. இந்தியாவில் ‘மோட்டார் கேரவன்’ என்பது அங்கீகரிக்கப்பட்ட வாகன வகை. அதற்கென ஏஐஎஸ்-124 என்ற தரநிலையும் உள்ளது. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அமைப்புகள் வடிவமைப்பைச் சோதித்துச் சான்று தருகின்றன. அந்தச் சான்றோடு கட்டப்பட்ட வண்டி, ஆர்.சி.யிலேயே கேரவனாகப் பதிவாகும்.

‘நாங்க கேரவன் பண்ணித் தர்றோம்’ என்று சொல்லும் பட்டறையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘எந்த மாடலுக்கு உங்ககிட்ட சான்று இருக்கு? காட்டுங்க.’ ஒரு மாடலுக்கு வாங்கிய சான்று வேறு மாடலுக்குச் செல்லாது. உங்கள் பழைய வேனுக்கு அது பொருந்துமா என்பதை, வெட்டும் வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, எதையும் வெட்டாமல், வெல்டிங் செய்யாமல், கழற்றி இறக்கக்கூடிய பொருட்களாகவே வீட்டை அமைப்பது. மடக்கும் கட்டில், பெட்டிக்குள் அடங்கும் அடுப்பு, தூக்கிச் செல்லும் பேட்டரி பெட்டி, தண்ணீர் கேன் என வைத்துக்கொண்டால் அவை பயணச் சாமான்கள், தேவைப்பட்டால் இறக்கிவிடலாம்.

இங்கே ஓர் எளிய சோதனை உண்டு. ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பாருங்கள். இருக்கை எண்ணிக்கை, பாடி வகை, வெற்று எடை, எரிபொருள், நிறம் என அதில் உள்ள ஏதாவது ஒன்று உங்கள் வேலையால் மாறினால், ஆர்டிஓவிடம் போக வேண்டிய விஷயம் அது. இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்றுவதும் இதில் அடங்கும்.

ஜன்னலுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் யோசனையும் வேண்டாம். 2012-லேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. கண்ணாடியின் அளவுக்கு வெட்டிய ஃபோம் பலகைகளை, வண்டி நின்றபிறகு செருகி, கிளம்பும்போது எடுத்துவிட்டால் போதும். மறைவுக்கு மறைவு, வெயிலுக்கும் தடுப்பு.

எந்த வேன் வாங்கலாம்?

நம் ஊரில் அதிகம் யோசிப்பது மூன்று: மாருதி ஆம்னி, ஈகோ, டிராவலர் வகை வேன்கள்.

1984-ல் அறிமுகமாகி 2019-ல் உற்பத்தி நின்ற ஆம்னியின் மொத்த நீளமே சுமார் 3.37 மீட்டர்தான். இரண்டு பேர் நெருக்கிப் படுக்கலாம். உள்ளே நிற்க முடியாது. வார இறுதிப் பயணத்துக்குச் சரி, மாதக்கணக்கில் வாழ்வதற்குச் சிரமம். உயரக் கூரை கொண்ட டிராவலர் வகை வண்டிகளில் நிமிர்ந்து நடமாடலாம். ஆனால் மலைப்பாதையிலும் குறுகிய தெருவிலும் அதை ஓட்டுவது வேறு அனுபவம்.

பழைய டிராவலர்கள் பெரும்பாலும் எல்லோ போர்டு வண்டிகள். ஓன் போர்டுக்கு மாற்ற வேண்டும் என்றால் பெர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி, ஆர்டிஓ அனுமதி பெற வேண்டும். வாங்குவதற்கு முன்பே இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வயதையும் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 14 வயது வேனை மலிவாக வாங்கி, அதற்குள் பல லட்சத்தைக் கொட்டிய பிறகு புதுப்பிப்பு கிடைக்கவில்லை என்றால் எல்லாமே வீண்.

கடைசியாகத் துரு. தரை மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் பழைய வேனை வாங்கக் கூடாது. சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவு, கதவின் அடிப்பகுதி, கூரையின் மழைநீர் வாய்க்கால் ஆகிய மூன்று இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கும். தரையில் துரு அரித்த ஓட்டை இருந்தால் தண்ணீர் மட்டுமல்ல, சைலன்சர் புகையும் உள்ளே வரும். வடகராவில் எமனாக வந்ததும் ஓர் ஓட்டைதான்.

வெயிலைச் சமாளிப்பது எப்படி?

வேன் என்பது ஒரு தகரப் பெட்டி. சித்திரை வெயிலில் நிற்கும் வேனுக்குள் பகலில் உட்கார முடியாது. அதனால் உள் அலங்காரத்துக்கு முன்னால் வெப்பத் தடுப்புக்குச் செலவு செய்ய வேண்டும். முதலில் கூரை, பிறகு பக்கங்கள், கடைசியில் தரை.

செலவு குறைவு என்று தெர்மாகோலை ஒட்டுபவர்கள் உண்டு. அது எளிதில் தீப்பிடிக்கும், உருகிச் சொட்டும், நச்சுப்புகை விடும். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் ஷீட் நல்ல மாற்று. தீ எளிதில் பரவாத ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வெப்பத்தைத் தடுப்பதோடு காற்றும் ஓட வேண்டும். எதிரெதிரே இரண்டு திறப்புகள் இல்லாமல் வேனில் தூங்கக் கூடாது. ஜன்னலுக்குக் கொசுவலை போட்டால்தான் இரவில் அதைத் திறந்து வைக்க மனம் வரும். சின்ன விஷயம்போலத் தெரியும். உயிரைக் காப்பது அதுதான்.

கரண்ட் கணக்கு: ஏசி ஓடுமா?

வீட்டில் ஒரு ‘யூனிட்’ என்று சொல்கிறோமே, அதே கணக்கில் பார்க்கலாம்.

30 வாட் பிஎல்டிசி ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். எல்இடி விளக்கு இரண்டு, செல்போன் இரண்டு, லேப்டாப் ஒன்று எல்லாம் சேர்த்து இன்னொரு 0.3 யூனிட். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வைத்தால் கூடுதலாக அரை யூனிட் அளவுக்கு வரும். ஆக, ஒரு நாளைக்குச் சுமார் ஒரு யூனிட்.

100 ஏஎச் கொள்ளளவுள்ள 12 வோல்ட் லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 1.2 யூனிட் இருக்கும். அதே அளவு லெட் ஆசிட் பேட்டரி என்றால், ஆயுள் குறையாமல் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 0.6 யூனிட். கூரையில் 200 வாட் சோலார் பேனல் வைத்தால், நல்ல வெயில் நாளில் முக்கால் யூனிட் அளவுக்கு எதிர்பார்க்கலாம். மீதியை வண்டி ஓடும்போது ஆல்டர்நேட்டரில் இருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போது ஏசிக்கு வருவோம். ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட் பிடிக்கும். இரவு முழுக்க ஓட 6 முதல் 8 யூனிட் வேண்டும். மேலே சொன்ன பேட்டரி ஒரு மணி நேரத்தில் படுத்துவிடும். சோலாரிலேயே ஈடுகட்ட வேண்டுமானால், வேன் கூரையில் அவ்வளவு பேனலுக்கு இடம் கிடையாது.

இங்கேதான் பலரும் ஜெனரேட்டர் பக்கம் திரும்புகிறார்கள். அல்லது, ‘இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுட்டுத் தூங்கிடலாம்’ என்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. ஜெனரேட்டரை வேனுக்குள்ளேயோ, அடியிலேயோ, திறந்த ஜன்னல் பக்கத்திலேயோ ஓடவிடக் கூடாது. நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. ஏசி இல்லாமல் முடியாது என்பவர்கள், வெளி மின் இணைப்பு தரும் கேரவன் பூங்கா அல்லது விடுதி வளாகத்தில் நிறுத்துவதுதான் சரி. கேரளாவில் வாகமண்ணில் 2022-ல் அப்படி ஒரு பூங்கா தொடங்கப்பட்டது.

வயரிங்கில் ஒரு எச்சரிக்கை. 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்து 1,000 வாட் மிக்ஸியை ஓட்டினால், பேட்டரி வயரில் 80 ஆம்பியருக்கு மேல் பாயும். வீட்டுக்குப் போடும் மெல்லிய வயர் அந்த இடத்தில் சூடாகி உருகிவிடும். தடிமனான, பல இழை கொண்ட செம்பு வயரும், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸும் கட்டாயம். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சமையல் எங்கே?

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி எடுத்து வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. அது ரயில், இது வேன் என்றாலும் நிலைமை ஒன்றுதான்: சின்ன இடம், குறைந்த வாசல், பக்கத்திலேயே படுக்கை.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படர்ந்து தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில், வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். கேஸ் கசிவு அலாரத்தைத் தரைக்கு அருகிலும், கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கைக்கு அருகிலும் வைக்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வேனில் ஏற்றுவது விதிமீறல். பெட்ரோல் பங்க்குகளில் அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிறிய சிலிண்டர் வாங்க முடியும். அதையும் வெளியே இறக்கி வைத்து, வேன் நிழலில் சமைப்பதே பாதுகாப்பு. மழையில் உள்ளே சமைத்தே ஆக வேண்டும் என்றால், பக்கக் கதவு திறந்தே இருக்க வேண்டும். கரி அடுப்பை மட்டும் குளிருக்காகக்கூட உள்ளே கொண்டு வரக் கூடாது. அதிலிருந்து வருவதும் கார்பன் மோனாக்சைடுதான்.

எடை எவ்வளவு ஏறும்?

18 மில்லிமீட்டர் பிளைவுட் முழு ஷீட் ஒன்றே 30 கிலோவுக்கு மேல். நான்கு ஷீட் என்றால் 120 கிலோ தாண்டும். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. 100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 30 கிலோ. இரண்டு பேர், மெத்தை, பாத்திரம், துணி எல்லாம் சேர்ந்தால் 400 கிலோ சர்வசாதாரணம்.

வண்டி அனுமதிக்கும் மொத்த எடையில் இருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் தாங்கும் சுமை. அதைத் தாண்டினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், டயர் சூடாகும், கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும். வேலைக்கு முன்னும் பின்னும் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது நல்லது. கனமான பொருட்கள் கீழே, இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். தடிமனான பிளைவுட்டுக்குப் பதில் அலுமினிய ஃபிரேமும் மெல்லிய பலகையும் போட்டால் பாதி எடை மிச்சம்.

எங்கே நிறுத்துவது? எங்கே குளிப்பது?

இதுதான் அன்றாடப் பிரச்னை. பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி ஓய்விடம், சிறிய லாட்ஜ் வளாகம் ஆகியவை கைகொடுக்கும். அனுமதி கேட்டு நிறுத்தினால் நள்ளிரவில் கதவு தட்டப்படாது. கையடக்கக் கழிப்பறை வைத்திருப்பவர்கள், அதைக் கழிப்பறையில்தான் காலி செய்ய வேண்டும். ஓடையிலும் சாலையோரத்திலும் கொட்டுவது, அடுத்து வருபவர்களுக்கும் அங்கே இடம் இல்லாமல் செய்துவிடும்.

காட்டுச் சாலைகளில் இரவில் நிறுத்தக் கூடாது. முதுமலையைக் கடந்து கர்நாடகாவின் பந்திப்பூர் வழியாகச் செல்லும் பாதையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. ஊட்டி, கொடைக்கானல் செல்ல 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது.

நாடோடி வாழ்க்கைக்கு இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து இருந்தால், அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். செலவுக்குக் காசு வரட்டும் என்று வேனை வாடகைக்கு விடுவதும் ஓன் போர்டு வண்டியில் முடியாது. பெர்மிட் இல்லாமல் சிக்கினால் 10,000 ரூபாய் அபராதமும் சிறையும் வரலாம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

வேனை வாங்குவதற்கு முன்னால், ஒரு வேனை வாடகைக்கு எடுத்து மூன்று இரவு அதில் தூங்கிப் பாருங்கள். அதில் ஓர் இரவு மழையாக இருந்தால் இன்னும் நல்லது. எது தேவை, எது ஆசை என்பது அங்கேயே பிரிந்துவிடும்.

அதன்பிறகும் ஆசை குறையவில்லை என்றால் வரிசை இதுதான்: முதலில் ஆர்.சி.யும் ஆர்டிஓவும். அடுத்து இன்ஜின், பிரேக், டயர், துரு. பிறகு காற்றோட்டமும் வெப்பத் தடுப்பும். அதற்குப் பிறகு வயரிங். கட்டிலும் அலமாரியும் கடைசி. ரீல்ஸில் முதலில் தெரிவது, வேலையில் கடைசியாக வர வேண்டும்.

பணம் போதாமல் எதையாவது குறைக்க வேண்டி வந்தால் அலமாரியைக் குறைக்கலாம், ஃபிரிட்ஜைக் குறைக்கலாம். அலாரத்தையும் ஃபியூஸையும் திறக்கும் ஜன்னலையும் மட்டும் குறைக்கக் கூடாது.

உள்ளே இருக்கும் யாருக்காவது காரணமில்லாமல் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் யோசிக்கவே வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.